மேற்பரப்புப் பொய்யிரையும் தூண்டில் முள்ளும்: ஒரு வரலாறு

பெரிய மீன்களை விளையாட்டாகத் தூண்டிலிட்டுப் பிடிப்போர் பலர், நீரின் மேற்பரப்பில் தத்தளிக்கும் சிறுமீனைப் போல நடிக்கும் பொய்யிரைகளைப் பயன்படுத்துகின்றனர். அத்தகைய பொய்யிரையில் எத்தனை முள் கோப்பது, எவ்வகை முள் கோப்பது, எந்த இடத்தில் கோப்பது என்பதே முள் அமைப்பு எனப்படும். பார்வைக்குச் சிறிய விஷயம். ஆனால் மீன் மாட்டுமா, மாட்டிய மீன் நிற்குமா, திரும்ப விடப்பட்ட மீன் பிழைக்குமா, மீனைக் கழற்றுபவரின் கை தப்புமா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை இதில்தான் உள்ளது. ஒரே கூரில் தொடங்கிப் பதினைந்து கூர் வரை பெருகி, மீண்டும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் சுருங்கிய வரலாறு இந்த அமைப்புக்கு உண்டு. அதன் ஒரு பகுதி சென்னை மாகாணத்து ஆறுகளில் நடந்தது.

சொற்கள்

தமிழில் ‘தூண்டில்’ என்பது முள்ளையும் குறிக்கும், கோல், நூல், முள் எல்லாம் சேர்ந்த முழுக் கருவியையும் குறிக்கும். கடற்கரையில் ‘முள்’ என்றும் ‘கொக்கி’ என்றும் சொல்கின்றனர். திருக்குறளின் 931ஆம் குறள், சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டிலின் ‘பொன்’னை மீன் விழுங்குவதற்கு ஒப்பிடுகிறது. அந்தப் ‘பொன்’ இரும்பு என்றும், இரை அதை மறைத்திருக்கிறது என்றும் பரிமேலழகர் உரை கூறுகிறது. இரை வேறு, முள் வேறு என்ற அந்தப் பிரிவு, முள்ளே இரையாக மின்னும் பொய்யிரையில் மறைந்துவிடுகிறது.

முள்ளின் உறுப்புகளில் நேரான பகுதி தண்டு. நூலோ வளையமோ கோக்கும் துளை கண். தண்டுக்கும் கூருக்கும் இடைப்பட்ட அகலம் வாய். மாட்டிய மீன் நழுவாதபடி கூரின் உட்புறம் பின்னோக்கி நிற்கும் சிறு முனை எதிர்முள். ஒரே தண்டில் மூன்று கூர்கள் சேர்ந்ததை மும்முள் எனலாம். தூண்டில் கடைகளில் ‘ட்ரெபிள்’ என்று கேட்டால்தான் கிடைக்கும். ஓடும் படகின் பின்னால் பொய்யிரையை இழுத்துச் செல்வது ட்ரோலிங். இதை விசைப்படகுகள் மடிவலை இழுக்கும் ட்ராலிங்குடன் குழப்பிக்கொள்ளும் செய்திகள் இன்றும் வெளிவருகின்றன. இரண்டுக்கும் படகு ஓடுவதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

ஒற்றைக் கூரின் காலம்

மேற்பரப்புப் பொய்யிரைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று பசிபிக் தீவுகளில் வாழும் பாலினேசிய மக்களுடையது. முத்துச்சிப்பி ஓட்டை மீன் வடிவில் இழைத்துத் தண்டாக்கி, அதன் வால்பகுதியில் ஆமையோட்டினாலோ எலும்பினாலோ செய்த ஒரே ஒரு கூரைக் கட்டுவர். அக்கூருக்கு எதிர்முள் கிடையாது. படகின் பின்னால் நீர்மட்டத்தில் இழுக்கும்போது சிப்பியின் பளபளப்பு சிறுமீனாகத் தோன்றி, சூரை மீன் பாய்ந்து கடிக்கும்.

இதே தருக்கம் இந்தியாவில் லட்சத்தீவின் மினிக்காய் தீவில் இன்றும் செயல்படுகிறது. அங்குள்ளோர் காயலில் பிடித்த சிறுமீன்களை உயிருடன் கடலில் தூவி, சூரைக் கூட்டத்தைப் படகருகே வரவழைக்கின்றனர். நீரை வாரி இறைத்து, மேற்பரப்பில் சிறுமீன் துள்ளுவது போன்ற தோற்றத்தை உண்டாக்குகின்றனர். அந்தச் சலசலப்புக்குள் மூங்கிற்கோலில் கட்டிய பளபளப்பான முள்ளை விடுகின்றனர். முள்ளில் இரையும் இல்லை, எதிர்முள்ளும் இல்லை. மீன் மாட்டியதும் கோலை மேலே வீசினால் அது தலைக்கு மேலாகப் பறந்து படகில் விழும். நூல் தளர்ந்த கணமே முள் தானாகக் கழன்றுவிடும். கூட்டம் படகருகே நிற்பது சில நிமிடங்கள்தான். ஒவ்வொரு மீனையும் கையால் கழற்றிக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும். எனவே மீனை இறுகப் பிடிப்பதைவிட விரைவாக விடுவதே இம்முள்ளின் வேலையாக உள்ளது.

யானைக்கெண்டையும் நசுங்கிய முட்களும்

விளையாட்டுத் தூண்டில் பற்றி இந்தியாவில் எழுந்த முதன்மையான நூல் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’. முதற்பதிப்பு 1873இல் வந்தது. 1881இலும் 1897இலும் விரிந்த பதிப்புகள் வெளியாயின. தென்கன்னட மாவட்ட ஆட்சியராக இருந்தபோது மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் ஆறுகளில் கெண்டை இனத்தின் பேருருவான மஹ்சீர் மீனை அவர் அறிந்துகொண்டார். காவிரிக் கரையில் இதை யானைக்கெண்டை என்பர். பூமீன் கெண்டை என்ற பெயரும் உண்டு. ஏரி, குளங்களில் தூண்டிலிடுவது பற்றி 1887இல் தாமஸ் தனி நூலும் எழுதினார்.

அக்காலத்து ஆங்கிலேயர் இங்கிலாந்தில் சால்மன் மீனுக்குப் பயன்படுத்திய உலோகக் கரண்டிகளையும் மும்முட்களையும் அப்படியே கொண்டுவந்தனர். நீரோட்டத்தின் மேல்பகுதியில் சுழன்று மின்னும் கரண்டியை யானைக்கெண்டை தயங்காமல் கடித்தது. முள்தான் தாங்கவில்லை. சில முட்கள் ஒடிந்தன, சில நேராகின, சில ஒன்றோடொன்று சேர்ந்து நசுங்கின. வாயில் பல்லே இல்லாத மீன் எஃகை நசுக்குவது பலருக்கு வியப்பாக இருந்தது. கெண்டை இனங்களுக்குப் பற்கள் தொண்டையில் உள்ளன. தாடையும் உதடும் தோல் போலத் தடித்து, பெரும் அழுத்தம் தரக்கூடியவை. தாமஸ் இந்த நசுக்கும் ஆற்றலை விரிவாகப் பேசி, தடித்த முட்களை வலியுறுத்தினார்.

மும்முள் நசுங்குவதற்கு அதன் அமைப்பே காரணம். ஒரே அளவுள்ள ஒற்றை முள்ளைவிட அதன் கம்பி பெரும்பாலும் மெல்லியது. மூன்று வளைவுகளையும் தடித்த கம்பியில் செய்தால் எடை கூடிப் பொய்யிரையின் ஓட்டம் கெட்டுவிடும். மேலும், ஒரு கூர் மேல்தாடையிலும் மற்றொரு கூர் கீழ்த்தாடையிலும் பதிந்தால், மீன் வாயை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கூர் மற்றொன்றை நெம்புகோல் போலப் பெயர்க்கும். பிடிப்புக்காகச் சேர்த்த கூர்களே பிடிப்பைத் தளர்த்துகின்றன. கடலில் இதே பாடத்தை மக்கள் படிக்க இன்னும் நூறாண்டு ஆயிற்று.

பெரிய மீன்களின் எடைப் பதிவுகள் தொடர்ந்து வந்தன. 1919இல் ரிவெட்-கார்னாக் என்ற படை அதிகாரி காவிரியில் 119 பவுண்டு மீனைப் பிடித்தார். 1946இல் மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலுக்குப் பெயர்பெற்ற வான் இங்கென் குடும்பத்தவர் ஒருவர் கபினியில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ மீனைப் பிடித்தார். பிற்காலத்தில் காவிரியில் பொய்யிரையைவிடக் கேழ்வரகு மாவு உருண்டையே செல்வாக்குப் பெற்றது. அதற்குத் தடித்த ஒற்றை முள் போதும்.

அந்த ஒற்றை முள்ளுக்கு எதிர்பாராத ஒரு பயனும் இருந்தது. ஒகேனக்கலுக்கு மேலே, கர்நாடகப் பகுதியில் உள்ள காலிபோர் தூண்டில் முகாமில் பிடித்த மீன்களை எடைபோட்டு ஆற்றிலேயே விட்டனர். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தபோது, காவிரிக்கே உரிய திமில் யானைக்கெண்டை அருகிவிட்டதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு இனம் பெருகியதும் வெளிப்பட்டன. நெடுங்காலம் சரியான அறிவியற்பெயர் இல்லாதிருந்த திமில் யானைக்கெண்டை ‘டோர் ரெமாதேவி’ இனமே என்று 2018இல் நிறுவப்பட்டது. அதே ஆண்டு அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. பிடித்த மீன் செத்திருந்தால் அந்தக் குறிப்பேடு வெறும் கொலைக்கணக்காக இருந்திருக்கும்.

பதினைந்து கூர்கள்

மேற்பரப்பில் மிதக்கும் மரப் பொய்யிரை வணிகப் பொருளானது அமெரிக்காவில். மிச்சிகன் மாநிலத்தின் டோவாஜியாக் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெடன் மரத்தில் செதுக்கிய தவளையும் மீனும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தொழிலாக வளர்ந்தன. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற மரமீன் ஒன்றில் ஐந்து மும்முட்கள் இருந்தன: பக்கத்திற்கு இரண்டாக நான்கு, வாலில் ஒன்று. மொத்தம் பதினைந்து கூர்கள். எந்தப் பக்கம் கடித்தாலும் மாட்டும் என்பது விற்பனையாளரின் வாதம். மாட்டியது உண்மைதான், கூடவே பாசி, கிளை, சட்டை, விரல் எல்லாம் மாட்டின. நாளடைவில் கூர்கள் குறைக்கப்பட்டு, வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்ற இரண்டு மும்முள் அமைப்பு நிலைத்தது. இன்று கடைகளில் விற்கும் பெரும்பாலான மிதவைப் பொய்யிரைகள் இந்த அமைப்பில்தான் வருகின்றன.

ஆழ்கடலில்

கடற்பெருமீன் வேட்டை ஒரு விளையாட்டாக உருப்பெற்றது 1898இல் என்பர். அவ்வாண்டு கலிபோர்னியாவின் கட்டலினா தீவருகே சார்லஸ் ஃபிரடெரிக் ஹோல்டர் 183 பவுண்டு எடையுள்ள சூரையைக் கோலும் ரீலும் கொண்டு பிடித்தார். அதே ஆண்டு அங்கு டியூனா கிளப் தொடங்கியது. அங்கு இரை பெரும்பாலும் உண்மையான பறக்கும் மீன், தமிழ்க் கடற்கரையின் கோலா. சோழமண்டலக் கடற்கரையில் கொழுஞ்சிச் செடிக் கட்டுகளை மிதக்கவிட்டு, முட்டையிட வரும் கோலாவைப் பிடிப்பது பழைய தொழில். கோலா எங்கு துள்ளுகிறதோ அங்கு அதைத் துரத்தும் பெரிய மீன் உண்டு என்பது இரு கரைகளிலும் தெரிந்த செய்தி. பிற்கால இழுவைப் பொய்யிரைகள் பல, துள்ளி விழும் கோலாவின் நீர்க்கோட்டையும் குமிழிகளையும் நடிக்கவே வடிவமைக்கப்பட்டன.

அந்த நடிப்பை முழுமையாக்கியது ஹவாய். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கோனா துறைமுகத்துப் படகோட்டி ஹென்றி சீ, மதுக்கடைக் கண்ணாடிக் குவளைகளில் பிசினை வார்த்துப் பொய்யிரைத் தலைகள் செய்தார் என்று சொல்லப்படுகிறது. ஜார்ஜ் பார்க்கர் குரோம் பூசிய குழாய்த் துண்டுகளைத் தலையாக்கினார். 1954இல் அவர் பிடித்த மார்லின் 1,002 பவுண்டு. தலைக்குப் பின்னால் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குஞ்சம் தொங்கும்; முள் அதற்குள் மறைந்திருக்கும்.

தமிழ்க் கடற்கரையில் கொப்பரன் எனப்படும் மார்லினும் மயில்மீனும் இரையை நேரே விழுங்குவதில்லை. பின்னாலோ பக்கத்திலோ வந்து அலகால் அடித்துத் திருப்பி, பிறகு கவ்வும். வாயோ எலும்புமயமானது, கூர் பதியும் இடம் குறைவு. எனவே இரண்டு முட்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஒன்று மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் நிற்குமாறு அமைப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. முள்ளின் வாய், பொய்யிரைத் தலையின் விட்டத்தைவிட அகலமாக இருக்கவேண்டும் என்பது இழுவைத் தூண்டில்காரர் பலர் ஏற்கும் விதி. இல்லாவிட்டால் தலையே கூரை மறைத்து, தாடையில் பதியவிடாது.

1939இல் நியூயார்க்கில் உருவான பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் இதற்கு எழுத்து விதிகள் வகுத்தது. குஞ்சம் கட்டிய இழுவைப் பொய்யிரையில் ஒற்றை முட்கள் இரண்டுக்கு மேல் கூடாது. மும்முள்ளுக்கு இடமே இல்லை. இரண்டு முட்களின் கண்களுக்கு இடையே ஒரு முள்ளின் நீளத்துக்குக் குறையாத, ஓரடிக்கு மிகாத இடைவெளி வேண்டும். பின்முள் குஞ்சத்தைத் தாண்டித் தன் நீளத்துக்கு மேல் நீளக்கூடாது. மீன் வாயால் கவ்வியதால்தான் மாட்ட வேண்டும், உடலில் எங்கோ குத்தி இழுக்கப்படக்கூடாது என்பதே இவற்றின் நோக்கம். மரமீன் போன்ற பொய்யிரைகளுக்கு மட்டும் மும்முள் உட்பட மூன்று முட்கள் வரை அனுமதி உண்டு.

இரட்டை முள்ளின் குறை படகோரத்தில் தெரிந்தது. ஒரு முள் வாயில் பதிந்திருக்க, மற்றது வெளியே தொங்கி ஆடும். மீன் தலையை உதறும்போது அது கண்ணிலோ செவுளிலோ பாயும். நூலைக் கையில் சுற்றிப் பிடிக்கும் உதவியாளரின் உள்ளங்கையிலும் பாயும். நூறு கிலோ மீன் ஒரு முனையிலும் மனிதக் கை மறுமுனையிலும் மாட்டிக்கொள்வதைவிடக் கொடிய விபத்து இத்துறையில் குறைவு. மீனைத் திரும்ப விடும் வழக்கம் பரவியதும் ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் பலர் ஒற்றை முள்ளுக்குத் திரும்பினர். முள் தொங்கி ஆடாதபடி விறைப்பான கம்பிவடத்தில் பொருத்தி, கூர் மேல்நோக்கி நிற்குமாறு அமைப்பர். மீன் மாட்டும் விகிதம் பெரிதாகக் குறையவில்லை என்பதே அவர்களின் அனுபவம்.

கூர் தண்டை நோக்கி உள்வாங்கி வளைந்த வட்டமுள், உயிரிரைக்கும் செத்த இரைக்கும் நல்லது. விழுங்கிய மீன் திரும்பும்போது வயிற்றில் குத்தாமல் வாயோரத்தில் வந்து பதியும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் அலகுமீன் போட்டிகளில் இயற்கை இரையுடன் வட்டமுள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2008 முதல் நடப்பில் உள்ளது. விரைந்தோடும் பொய்யிரைக்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. மீன் அதை நின்று விழுங்குவதில்லை, அடித்துவிட்டு ஓடுகிறது. வட்டமுள் பதிவதற்குத் தேவையான நிதானம் அங்கு இல்லை.

பாப்பரும் பாரையும்

வீசி இழுக்கும் பெரிய மேற்பரப்புப் பொய்யிரைகள் இரு வகை. குழிந்த முகத்தால் நீரை ‘பொளக்’ என்று அறைவது பாப்பர். முகம் கூர்ந்து, பக்கவாட்டில் நெளிந்து நீந்துவது ஸ்டிக்பெயிட். அந்தமான் தீவுகளிலும் பிற வெப்பக்கடல் பகுதிகளிலும் இவற்றின் முதன்மை இலக்கு, பாரை இனங்களிலேயே மிகப் பெரிதான ஜயன்ட் ட்ரெவலி. 2006இல் ஜப்பானில் பிடிபட்ட உலகச் சாதனை மீன் 72 கிலோவைத் தாண்டியது. ஆறுகளில் தாமஸ் கண்டது இங்கு மீண்டும் நடந்தது: மும்முட்கள் விரிந்தன, ஒடிந்தன. தடித்த ஒற்றை முட்களுக்கு மாறும் வழக்கம் பரவியது.

மாற்றம் அவ்வளவு எளிதன்று. இரண்டு மும்முட்களின் எடையைக் கணக்கில் கொண்டே பொய்யிரை செய்யப்பட்டிருக்கும். பாப்பர் வால் தாழ்ந்து, முகம் நீர்மட்டத்தில் நிற்கவேண்டும். வால்முள் எடை குறைந்தால் அது கிடையாகப் படுத்து, இழுக்கும்போது நீரைக் கவ்வாமல் வழுக்கித் துள்ளும். கூடினால் மூழ்கிப்போய் அறையாது. ஸ்டிக்பெயிட் இன்னும் நுட்பமானது. வயிற்றுமுள் சிறிது கனத்தாலும் நெளிவு செத்துவிடும். எனவே கழற்றிய மும்முள்ளையும் புதிய ஒற்றை முள்ளையும் நிறுத்துப் பார்ப்பதும், வாளி நீரில் மிதக்கவிட்டுச் சோதிப்பதும் வழக்கம். வயிற்றுமுள்ளும் வால்முள்ளும் ஒன்றையொன்று எட்டக்கூடாது. ஒற்றை முள் சுழன்று பொய்யிரையின் முதுகையே கவ்விக்கொள்வதும் உண்டு; தண்டின் நீளத்தை மாற்றினால் இது தீரும். இவ்வளவும் செய்தபின் கிடைப்பது தடித்த கம்பி, அகன்ற வாய், ஆழமான பிடி.

எல்லா மீனுக்கும் ஒற்றை முள் ஏற்றது என்பதும் சரியன்று. சிறிய வாயால் கொத்திப் பார்க்கும் மீன்கள் ஒற்றை முள்ளை அடிக்கடி தவறவிடும். அங்கு வயிற்றில் மும்முள், வாலில் ஒற்றை முள் என்ற கலப்பு அமைப்பு நன்றாக வேலை செய்கிறது.

திருவள்ளூர்க் கடற்கரையில்

திருவள்ளூர் மாவட்டக் கடற்கரை எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காடு வரை நீள்கிறது. இங்குள்ள மீனவர்களின் முதன்மைக் கருவி வலைதான். மேற்பரப்புப் பொய்யிரை வீசுவோர் பெரும்பாலும் விடுமுறை நாளில் வரும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள். முகத்துவாரங்களில் அவர்களின் இலக்கு கொடுவா. ஓதம் மாறும் வேளையில் மடவைக் கூட்டத்தைத் துரத்தி, நீர்மட்டத்தில் வெடிப்பது போன்ற ஓசையுடன் அடிக்கும் மீன் அது.

கொடுவா கவ்வுவதில்லை, உறிஞ்சுகிறது. பெரிய வாயைத் திடீரென்று திறந்து, நீருடன் இரையை உள்ளே இழுக்கிறது. எனவே சிறிய மும்முள்கூட எளிதாக வாய்க்குள் போய்விடுகிறது; கொடுவாவுக்கு மும்முள்ளை விட மறுப்போர் சொல்லும் நியாயம் இது. ஆனால் உள்ளே போன மும்முள் செவுள்வரை எட்டவும் கூடும். செவுள் மூடியின் விளிம்போ கத்தி போன்றது. நூலையும் அறுக்கும், விரலையும் அறுக்கும்.

கொடுவாவின் வாழ்க்கைமுறை இந்தத் தேர்வை மேலும் கனமாக்குகிறது. இது முதலில் ஆணாக முதிர்ந்து, வயதும் எடையும் கூடிய பின் பெண்ணாக மாறும் மீன். முட்டையிடுவது உப்பு மிகுந்த முகத்துவாரப் பகுதியில். ஆகவே முகத்துவாரத்தில் புகைப்படத்துக்காகத் தூக்கிப் பிடிக்கப்படும் பெரிய கொடுவா பெரும்பாலும் பெண் மீனே. செவுள் கிழிந்த மீனைத் திரும்ப நீரில் விடுவதால் பயன் குறைவு.

இன்னொரு தரப்பும் உண்டு. பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் யார் எந்நாளில் வலையிடுவது என்பதைப் ‘பாடு’ என்ற ஊர் முறை தீர்மானிக்கிறது. அந்தப் பாட்டில் விரித்த வலையில் நூல் அறுந்த பொய்யிரை ஒன்று சிக்கினால், இரண்டு மும்முட்களின் ஆறு கூர்களும் கண்ணி கண்ணியாகச் சுற்றிக்கொள்ளும். அதை எடுக்க வலையை அறுப்பதே பல நேரம் வழி. இருட்டில் வலை உதறுபவரின் கைக்கு வரும் ஆபத்து வேறு. ஒற்றை முள்ளானால் ஒரு கண்ணியோடு போகும்.

முள்ளை மாற்ற விரும்பாதவர்களுக்கும் எளிய வழி ஒன்று உள்ளது. குறடால் எதிர்முள்ளை நசுக்கிவிட்டால் மும்முள்ளும் எளிதில் கழலும். அப்போது மீன் துள்ளும் கணத்தில் நூல் தளர்ந்தால் மீன் போய்விடும் என்பதால், பலர் இதற்கு இணங்குவதில்லை. நூல் தளர்ந்ததும் முள் கழல்வதைத்தான் மினிக்காய் மீனவர்கள் வேண்டுமென்றே அமைத்துக்கொண்டனர்.